தோரண வாயிலும் கித்தாக் காடும்

மூன்று வருடங்களுக்கு முன்பு சென்னையிலிருந்து ஆறு மாத வேலைக்காக எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் என்னை ‘ப்ரோ’ என்பார், நான் அவரை ‘அண்ணே’ என்பேன். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டதால் ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போனேன். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்து வந்தவர், தோரண வாயிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது சாஞ்சி ஸ்தூபி வாசல் மாதிரி இருக்கே ப்ரோ. மத்தியப் பிரதேசத்துல இருக்கறது. இங்க எல்லாம் நம்மாளுங்கன்னு சொன்னீங்க?”

“இந்தியா கவர்மெண்டு குடுத்தது அண்ணே.”

“அது சரி. உங்களுக்கும் சாஞ்சிக்கும் என்ன சம்பந்தம்?”

என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்ற, “சடக்கத் தாண்டி அந்தப் பக்கம் போனா நல்ல கடை ஒண்ணு இருக்கு, வாங்க” என்றேன். அதற்கும் நின்றார். “சடக்கா? அப்படின்னா?” ரோடு என்று விளக்கினேன். சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “இதெல்லாம் தமிழா ப்ரோ?”

அவர் திரும்பிப் போகும்வரை அவரிடம் நான் ‘ரோடு’ என்றுதான் சொன்னேன். ‘பசியாறியாச்சா’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘டிபன் ஆச்சா’ என்றேன். ஆறு மாதம் கழித்துக் கிள்ளானில் பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோதும் ‘ரோடு’ என்று வாயில் வந்தது. பாட்டி அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

உலகமயமாக்கல் நம் அடையாளத்தை அழிக்கிறது என்று யாராவது மேடையில் சொன்னால் நாம் கைதட்டுகிறோம். இடைநிலைப் பள்ளியில் படித்தபோது நானும் அப்படியொரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஜீன்ஸ், பீட்சா, ஆங்கிலம் என்று குற்றவாளிகளின் பட்டியல் அதில் நீளமாக இருந்தது. ஆனால் ‘நம் அடையாளம்’ என்று நான் எழுதியது எது, அது எப்போது உண்டானது என்று ஒரு வரிகூட இல்லை. என் பாட்டியைக் கிள்ளானில் பிறக்க வைத்ததே உலகச் சந்தைதான். சடக்கு என்ற சொல்லைப் பாட்டியின் வாயில் வைத்ததும் அதுதான். அழிக்க வந்ததாக நான் எழுதிய அதே பூதம்தான் எங்களை உண்டாக்கியது. அப்படியானால் எனக்கு எதன்மேல் கோபம்? சென்னைக்காரர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடப் போய்த்தான் பிரிக்பீல்ட்ஸையும் கிள்ளானையும் பற்றிக் கொஞ்சம் வாசிக்கத் தொடங்கினேன்.

பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் வந்தது ஒரு தொழிலால். 1881இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊரை இனி செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்டவேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹம் உத்தரவிட்டார். களிமண் கிடைத்த இடத்தில் சூளைகள் வந்தன, இடத்துக்கும் அந்தப் பெயரே நின்றது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. அதன்பின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் ஊரானது.

ரயிலுக்கு இரண்டு வகை ஆட்கள் வேண்டும். தண்டவாளம் போட, சுமை தூக்க ஒரு வகை. கணக்கு எழுத, சிக்னல் பார்க்க, ஸ்டேஷனை நடத்த இன்னொரு வகை. முதல் வகைக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் இருந்தன. இரண்டாவது வகைக்கு யாழ்ப்பாணம். அங்கே 1816லிருந்தே அமெரிக்க மிஷனரிகள் பள்ளிகள் நடத்தி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். பாஸ்டனிலிருந்து கப்பலேறிய பாதிரிமார் யாழ்ப்பாணத்துப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் சிலாங்கூரில் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையாக மாறியது. இன்று எங்கள் துறையில் ‘சப்ளை செயின்’ என்கிறோமே, மனிதர்களை வைத்து அதை அன்றைக்கே நடத்தியிருக்கிறார்கள்.

வந்தவர்கள் அவரவர் சாமியோடு வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசுவாமி கோவில் எழுப்பினார்கள். சிங்களவர்கள் 1894இல் மகா விகாரையைத் தொடங்கினார்கள். விவேகானந்தா ஆசிரமம் 1904இல் வந்தது. தமிழ் லுத்தரன்களுக்கு சீயோன் தேவாலயம், தமிழ் முஸ்லிம்களுக்கு மதரஸத்துல் கௌதியா, சீனர்களுக்கு அவர்களுடைய கோவில்கள். பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான். இன்றைக்கும் மாலையில் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு வழிவிட்டுத்தான் இந்த வீதிகளில் நடக்கவேண்டும். இவ்வளவையும் ‘லிட்டில் இந்தியா’ என்ற ஒரே பெயருக்குள் அடைப்பது எப்படி என்று தெரியவில்லை. பாதிக்கு மேற்பட்ட கதை இலங்கையிலிருந்து வந்தது.

சாஞ்சிக்கு இங்கே யாராவது சொந்தக்காரர் உண்டென்றால் அது பெர்ஹாலா சாலையிலுள்ள மகா விகாரைதான். அசோகரின் மகன் மகிந்தன் பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுபோனான் என்பது மரபு. அவன் தாய் சாஞ்சிக்குப் பக்கத்து விதிஷாவைச் சேர்ந்தவள் என்றும் அந்த மரபே சொல்கிறது. சாஞ்சி, அனுராதபுரம், கோலாலம்பூர் என்று ஒரு கோடு போடலாம். ஆனால் அந்தக் கோட்டில் என் பாட்டி வரமாட்டார்.

பாட்டியின் கோடு வேறு. அதைப் பார்க்க கே.எல். சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போகவேண்டும். பழைய ஈயப் பாதையை ஒட்டித்தான் அது இன்றும் ஓடுகிறது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறந்தது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான், பெயர் மாறியது 1972இல். துறைமுகம் திறந்த காலத்தில் ஈயத்தோடு இன்னொரு பொருளும் வளரத் தொடங்கியிருந்தது.

பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் அதில் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் ரிட்லி செம்மைப்படுத்தினார். 1908இல் அமெரிக்காவில் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. அதற்கு நாலு சக்கரம், நாலு டயர். டெட்ராய்ட்டில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் மலாயாவில் யாரோ ஒருவர் விடிவதற்குள் எழுந்து மரம் சீவவேண்டும். அந்த யாரோ ஒருவரைத் தேடிக் கங்காணிகள் தங்கள் சொந்த ஊருக்கே போனார்கள். சொந்தத்தையும் சாதியையும் ஊரையும் சேர்த்துக் கப்பலேற்றி வந்தார்கள். தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு.

பாட்டி பேசும் தமிழில் இந்தக் கதை முழுக்க இருக்கிறது. ரப்பர் மரம் அவருக்குக் கித்தா மரம். மலாயில் கெத்தா. விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பது பெரட்டு. அது ஆங்கிலத்தின் பரேட். கணக்குப்பிள்ளை கிராணி, மலாயில் கெரானி. சாலை சடக்கு, அது இந்துஸ்தானியின் சடக். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் ஆயாக்கொட்டகை. “பெரட்டுக்கு நேரமாச்சுன்னா கிராணி பேர வெட்டிருவான்” என்று பாட்டி சொல்லும்போது அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று அரசுகளும் இரண்டு கடல்களும் இருக்கின்றன. இதெல்லாம் தமிழா என்று கேட்டால், ஆமாம். நூறு வருடம் வேலை செய்த தமிழ். சென்னைக்காரருக்கு அன்று இதைச் சொல்லியிருக்கலாம். அன்று எனக்கே தெரியாது.

இப்போது 1941க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். எங்கள் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கியதாக நினைவில்லை.

அப்போது ஐரோப்பாவில் போர். ரப்பர்தான் பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துத் தந்த முக்கியமான பண்டங்களில் ஒன்று. விலையும் தேவையும் ஏறின. தோட்டக் கூலி மட்டும் கூடவே ஏறவில்லை. அதிலும் இனத்துக்கு ஒரு விலை. ஒரே மரத்தைச் சீவினாலும் சீனத் தொழிலாளிக்குக் கிடைத்தது தமிழனுக்குக் கிடைக்கவில்லை. இந்தச் சூழலில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டங்களுக்குள் நுழைந்தது. அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். ஒய்.கே. மேனன் இன்னொருவர். வருடத்தின் முதல் மாதங்களில் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது.

சங்கம் வைத்த கோரிக்கைகள் 12. சீனருக்குச் சமமான கூலி, கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்கித் தமிழ் பேசுபவர்களை வைப்பது, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பேசவும் கூடவும் உரிமை, சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. பெண் தொழிலாளர்களிடம் வெள்ளைக்காரர்களும் ‘கறுப்பு வெள்ளைக்காரர்களும்’ முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும் என்பதும் அதில் இருந்தது. என்னை நிறுத்தியது இன்னொரு கோரிக்கை. துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

இதை முதலில் வாசித்தபோது கூலிக்கும் மருத்துவத்துக்கும் நடுவே சைக்கிள் எதற்கு என்று தோன்றியது. பிறகு புரிந்தது. தான் சீவிய பாலில் செய்த டயர்மேல் உட்கார்ந்திருக்க அவன் அனுமதி கேட்கிறான்.

தொழிலாளர்கள் காந்தி குல்லாய் அணிந்தார்கள். லயங்களில் காங்கிரஸ் கொடி ஏற்றினார்கள். இதில் பெரும்பாலோர் காந்தியைப் பார்த்ததில்லை. ஊரில் இருந்தபோது தங்களை ‘இந்தியன்’ என்று அழைத்துக்கொண்டிருப்பார்களா என்பதே சந்தேகம். ஊர்ப் பெயரும் சாதிப் பெயரும்தான் அவர்களுக்கு இருந்த அடையாளம். ‘இந்தியன்’ என்ற சொல் கப்பலிலும் நாளிதழிலும் வந்து சேர்ந்த சரக்கு. 1937இல் நேரு மலாயாவுக்கு வந்துபோனார். அதற்கு முன்பே 1929இல் பெரியார் வந்திருந்தார். வெளியிலிருந்து வந்த அந்த அடையாளத்தை எடுத்து அவர்கள் ஒரு கருவியாக்கினார்கள். நானும் ஒரு தேசத்தைச் சேர்ந்தவன், எனக்கும் அவனுக்கும் ஒரே கூலி கொடு என்று கேட்க அது பயன்பட்டது.

மே 5 அன்று நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கேட்டு வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. ராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், வேறு பலரும் அப்படியே. டிசம்பரில் ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பிறகு சயாம் மரண ரயில். தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் கணக்கில்லாதவர்கள் திரும்பவில்லை. 1941இன் கிள்ளான் அந்தப் பெரிய துயரத்துக்கு அடியில் புதைந்துபோனது.

அந்தக் கோரிக்கைகளில் எங்களுக்குக் கசப்பான ஒன்றும் உண்டு. ‘கறுப்பு வெள்ளைக்காரர்கள்’ யார்? தோட்டத்துக் கிராணிகளிலும் அலுவலர்களிலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் நிறைய இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸையும் கிள்ளானையும் ஒரே ரயில் இணைத்தது உண்மைதான். ஆனால் ஒரே தமிழ் பேசியவர்களில் சிலர் எதிரே வந்தபோது மற்றவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டியிருந்தது. ‘நம் அடையாளம்’ என்று ஒருமையில் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தார்கள், ஏனென்றால் இரண்டும் ஒன்றுதான். ம.இ.கா. தலைவராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டு, தாங்கள் வேலை செய்யும் தோட்டத்தைத் தாங்களே வாங்குவது என்பது திட்டம். கட்சி அரசியலில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. ஆனால் இந்த ஒரு யோசனைக்கு முன்னால் நான் குல்லாயைக் கழற்றிவிடுவேன். பண்பாட்டைக் காப்பது என்றால் காலடியில் கொஞ்சம் மண் வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் நம்மில் குறைவு. இன்றைய லிட்டில் இந்தியாவின் முதன்மைச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர்தான். அங்கே வளையல் வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சங்கம் தெரியும்?

சங்கத்தால் வாங்க முடிந்தது சில தோட்டங்களைத்தான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர், தாங்கள் ஒருநாளும் பார்த்திராத ‘ஊருக்கு’க் கப்பலேறினார்கள். மிஞ்சிய தோட்டங்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நகரம் தின்றது. சுபாங் ஜெயா நிற்பது சீபீல்ட் தோட்டத்து மண்ணில். புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கம் நிற்பது புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில்.

புத்ராஜெயாவின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். அதன் பழைய பெயர் பிராங் பெசார். மலாயில் பெரும்போர் என்று பொருள். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் வீரர்கள் காட்டை அழித்து உருவாக்கிய தோட்டம். அங்கே தேர்ந்தெடுத்த ரப்பர் ரகங்களில் பிபி 86 உலகப் புகழ் பெற்றது. அதையும் ஜாவாவின் ஜிர் 1 ரகத்தையும் சேர்த்து உண்டாக்கியதுதான் ஆர்ஆர்ஐஎம் 600. தாய்லாந்தில் இன்று ரப்பர் காடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். உலகத்துக்கே மரம் கொடுத்த தோட்டத்தின் ஆட்களுக்கு 1990களில் என்ன கிடைத்தது? பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்களையும் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். தரைவீடு கேட்டு அவர்கள் வருடக்கணக்காகப் போராடவேண்டியிருந்தது.

1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் அறிவிப்பு வந்தது. சைபர்ஜெயா எழுந்தது. அங்கேதான் எனக்கு முதல் வேலை. என் மேசையிலிருந்து தாமான் பெர்மாத்தாவுக்குக் காடியில் அதிக நேரம் ஆகாது. மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தேன், ஒருமுறைகூடப் போனதில்லை. அதே மண்ணில் முதல் உலகமயம் பாட்டியின் தலைமுறையைக் கூலியாக வைத்தது, இரண்டாவது என்னைப் பொறியாளராக வைத்தது என்று முன்னேற்றக் கதையாக இதைச் சொல்லலாம்தான். வீட்டில் அப்பா அப்படித்தான் சொல்வார். அது பொய்யும் இல்லை. ஆனால் தோட்டம் போனபோது கோவில், திடல், தமிழ்ப்பள்ளி, ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் பசியாறிய ஆயிரம் பேர் எல்லாம் சேர்ந்துதான் போனது. பெரட்டு, கித்தா, ஆயாக்கொட்டகை போன்ற சொற்கள் செத்தது இங்கிலீஷால் அல்ல. அவற்றைச் சொல்லும் இடம் இல்லாமல் போனதால்தான்.

அந்த வெற்றிடத்தில்தான் 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. அடுக்குமாடியில் பத்தாவது மாடி வீட்டின் கூடத்தில் சென்னைத் தமிழ் இறங்கியது. என் தலைமுறை வளர்ந்தது அதில்தான். சினிமா பேசுகிற தமிழ்தான் சரியான தமிழ், வீட்டில் பேசுவது கொச்சை என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நாங்களே கற்றுக்கொண்டோம். எதிர்த்திசையிலும் சில போனதுண்டு. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, கோலாலம்பூர் தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டுப் பையன்கள் பாடிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் பள்ளிப் பேருந்தில் அன்று இருந்த திமிரை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அது ஒரு தொகுப்பு. இந்தப் பக்கம் வருவது தினமும் இருபத்துநான்கு மணி நேரம்.

பிரிக்பீல்ட்ஸ் சரக்கு ரயில் முற்றத்தின் மேல் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறந்தது. சுற்றிலும் ஹோட்டல்களும் அலுவலகக் கோபுரங்களும் வந்தன. ரயில்வே ஊழியர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டது. 2014இல் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வெளிவந்தபோது மட்டும் ஊர் கூடி எதிர்த்தது, கட்டடம் பிழைத்தது. இதற்கு நடுவில் 2010 அக்டோபர் 27 அன்று பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். வண்ண வளைவுகளும் யானைகள் வைத்த நீரூற்றும் வந்தன. 2015 நவம்பர் 23 அன்று நஜிப்பும் மோடியும் தோரண வாயிலைத் திறந்தார்கள்.

சென்னைக்காரரின் முதல் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். சாஞ்சிக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு அரசுகளுக்கு இடையிலான சம்பந்தம் அது. ரயில்வே கிராணியின் குவார்ட்டர்ஸைச் சுற்றுலாப் பயணிக்குக் காட்டினால் விளக்கம் சொல்லவேண்டும், யானைக்கு விளக்கம் வேண்டாம். விமானத்திலிருந்து இறங்கிய எவரும் ஒரு நொடியில் ‘இந்தியா’ என்று கண்டுகொள்ளவேண்டும், அவ்வளவுதான் தேவை. 1941இல் ‘இந்தியன்’ என்ற சொல்லைக் கிள்ளான் தோட்டக்காரன் கீழிருந்து எடுத்துக் கூலி கேட்டான். 2010இல் அதே சொல்லை மேலிருந்து எங்கள்மேல் மாட்டினார்கள், நாங்கள் அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டோம். வாயில் அழகாகத்தான் இருக்கிறது, கல் வேலை நன்றாக இருக்கிறது. அதை இடிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரக் கூட்டத்தில் அதன் பக்கம் நிற்பதற்கு எனக்கும் பிடிக்கும்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் மறுபடி பிரிக்பீல்ட்ஸுக்குத் தனியாகப் போனேன். மதியம் மூன்று மணி இருக்கும், உணவகத்தில் கூட்டமில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தவருக்கு என் வயதுதான் இருக்கும். “அண்ணே, பசியாறிட்டீங்களா, இல்ல சாப்பாடே வைக்கவா?” என்றார். பேச்சில் சிவகங்கைப் பக்கம் தெரிந்தது. எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். பதினாலு மாசம் என்றார். பசியாறுவது என்ற சொல்லை இங்கே வந்துதான் பிடித்திருக்கிறார்.

கடையில் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் பேசினார். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையனுக்கும் இவருக்கும் ஒரே வேலைதான், சம்பளத்தில் வித்தியாசம். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பையன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “ஊர்க்காரா, அந்த டேபிள் பாரு” என்றான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம், இந்தியாவிலிருந்து வந்தவர் எல்லாருக்கும் ஒரே பெயர். முதலாளி உள்ளேயிருந்து வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார். முதலாளியும் தமிழர்தான், நெற்றியில் திருநீறு.

பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்து பஸ் எங்கே நிற்கும் என்று தேடினேன். வாசல் வரை வந்து கையைக் காட்டியது அவர்தான்.

“சடக்கத் தாண்டிப் போங்கண்ணே. அந்த வாசல் தெரியுதுல்ல, அதுக்கு முன்னாடியே நிக்கும்.”